முதலில் ஓடுகிறவள்

தோற்பதில் அந்த அணியை ஜெயிக்க ஆளில்லை. அந்த வருஷம் பதின்மூன்று ஆட்டம் முடிந்திருந்தது. இரண்டில் வென்று, ஒன்றில் சமன் செய்து, மீதிப் பத்திலும் மண்ணைக் கவ்வியிருந்தார்கள். செயற்கைப் புல் மைதானத்தில் கவ்வுவதற்கு மண்கூடக் கிடையாது என்பது வேறு விஷயம்.

பம்ப் செய்கிற ஒரு கம்பெனியின் பெண்கள் ஹாக்கி அணி அது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பத்திரிகைக்காரர்கள் முன்னால் ஒரே பல்லவியைத்தான் பாடுவார். "நாங்க சின்னப் பொண்ணுங்கள வளர்த்துக்கிட்டிருக்கோம். அவசரப்பட்டா எப்படி? எங்களுக்குப் பொறுமை இருக்கு." அதையே பேனராக அடித்து மைதானத்து வேலி நெடுகக் கட்டியும் வைத்திருந்தார்கள். 'பொறுமையே எங்கள் பலம்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு ஓடிவருகிற ஒரு பெண்ணின் படம். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது சரிதான். ஆனால் இங்கே பொறுத்துக்கொண்டிருந்தது ஒரு கூட்டம், ஆண்டுகொண்டிருந்தது வேறு கூட்டம்.

லீக் நடத்துகிறவர்கள் நல்ல எண்ணத்தில் ஒரு விதி போட்டிருந்தார்கள். பயிற்சிப் பட்டியலில் இருக்கும் பெண், ஒரே வருஷத்தில் எட்டு ஆட்டங்களை முதல் பதினொருவரில் ஒருத்தியாக நின்று தொடங்கிவிட்டால், கம்பெனி அவளை நிரந்தர வேலையில் எடுத்துக்கொள்ள வேண்டும். வேலையோடு குடியிருப்பில் இரண்டு அறை வீடும் உண்டு. சின்னப் பிள்ளைகளைக் கரும்பாகப் பிழிந்துவிட்டுச் சக்கையாகத் துப்பிவிடக் கூடாதே என்று போட்ட விதி. விதி வந்த மறுவருஷமே கம்பெனி ஏழு வரை எண்ணக் கற்றுக்கொண்டது. ஏழு ஆட்டம் ஆடிய பெண்ணுக்கு எட்டாவது ஆட்டத்தன்று திடீரென்று ஓய்வு தேவைப்பட்டுவிடும். அடுத்த வருஷம் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்படி இரண்டு வருஷம் ஏழில் நின்று, மூன்றாவது வருஷமும் ஏழிலேயே நின்றுகொண்டிருந்தவளுக்கு அணியில் வைத்த பெயர் ஏழரை. பேனரில் இருப்பதும் அவள் படம்தான். வயது இருபத்திரண்டு. பெயர் வைத்தவர்களோடு சேர்ந்து அவளும்தான் சிரித்தாள். "சனியாவது ஏழரை வருஷத்துல விட்டுடும்க்கா. இது எப்ப விடும்னே தெரியலையே" என்று அவளே சொல்லுவாள். அவளும் அம்மாவும் தாய்மாமன் வீட்டில், சமையலறை மூலையில் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். மாமன் நல்லவர்தான், அத்தைதான் விளக்கை அணைக்கும்போது தினமும் ஒரு பெருமூச்சு விடுவாள். குடியிருப்பு வீடு கிடைத்தால் மாட்டுவதற்கென்று முதல் வருஷமே ஒரு பூட்டு வாங்கி வைத்திருந்தாள் ஏழரை. காலுறைக்குள் சுற்றி, விளையாட்டுப் பையின் அடியில் போட்டிருப்பாள். பையைத் தூக்குகிறவர்கள் எல்லாம், "என்னடி இது, கல்லா தூக்கிட்டு வர்றே?" என்பார்கள்.

அணியின் கேப்டனுக்கு வயது முப்பத்திரண்டு. அவள் இழுத்து எறியும் பந்தின் வேகத்தைப் பார்த்து வெளியூர் அணிகள் வைத்த பெயர் பீரங்கி. வருஷத்தின் நடுவில் பயிற்சியாளர் கோபித்துக்கொண்டு போய்விட்டதால் அந்த வேலையும் அவள் தலையில்தான். ஏழரையை முதல் ஓட்டத்துக்குத் தயார் செய்ததும் அவள்தான்.

முதல் ஓட்டம் என்றால் இதுதான். பெனால்டி கார்னரில் எதிரணிக்காரி கோல் வட்டத்தின் விளிம்பில் நின்று பந்தை ஸ்டிக்கில் இழுத்து, கோலைப் பார்த்து முழு வேகத்தில் எறிவாள். கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறவர்களில் ஒருத்தி, பந்து உருண்ட அந்த நொடியே, எறிகிறவளை நோக்கி நேராக ஓட வேண்டும். ஓடிப்போய்த் தன் உடம்பால் பாதிக் கோலை மறைக்க வேண்டும். பந்து ஸ்டிக்கில் பட்டால் புண்ணியம், முட்டியில் பட்டால் விதி. புத்தியுள்ளவள் யாரும் செய்ய மாட்டாள். அதனால் அந்த அணியில் ஒரு வழக்கம் இருந்தது. நிரந்தரம் ஆனவர்கள் யாரும் முதலில் ஓட மாட்டார்கள். ஓடுவது பயிற்சிப் பட்டியலின் வேலை. அதற்கு அனுபவம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஏழரை அந்த அனுபவத்தை மூன்று வருஷம் சேர்த்தாள். பயிற்சியில் கேப்டன் எறிய, இவள் எதிரில் ஓடிவர, ஒரு நாளைக்கு முப்பது தடவை. கேப்டனுக்கு அவள் மேல் உயிர். வெளியே காட்டிக்கொண்டதில்லை, அவ்வளவுதான். கூடப் பிறக்காத தங்கை மாதிரி.

கடைசி ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் மேனேஜர் கேப்டனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோப்பைகள் வைக்கும் கண்ணாடி அலமாரியில் அந்த வருஷம் பழைய பில்கள்தான் இருந்தன.

"லீக்ல இருந்து கடிதம் வந்திருக்கு கேப்டன். உக்காருங்க. இந்தப் பொண்ணு ஏன் வருஷா வருஷம் ஏழோட நிக்கிறான்னு கேக்கிறாங்க. கடைசி ஆட்டத்தப் பாக்க ஒருத்தர அனுப்புறாங்களாம்."

கேப்டனுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. "அப்ப போட்டுடலாம் சார். அவ இல்லாத ஆறு ஆட்டத்துல கார்னர்ல மட்டும் பத்து கோல் வாங்கியிருக்கோம்."

"போடத்தான் போறோம். பேரு பட்டியல்ல இருக்கும். இல்லைன்னா அந்த ஆளு என்னைக் குடைவான்." மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா இவளுக்கு எட்டு ஆச்சுன்னா, பின்னாடி ஆறு பேரு வரிசையில நிக்கிறாங்க. மேல இருந்து ஒரு ஆளைக்கூட எடுக்காதேன்னு சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"பட்டியல் குடுத்தப்புறம், ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி யாருக்காவது அடிபட்டா மாத்திக்கலாம். விதியிலயே இருக்கு. மாத்திட்டா அது அவளுக்கு ஆட்டமா சேராது. வார்ம்-அப்ல பந்து படுறது சகஜம்தானே?"

"எனக்குப் புரியலை சார்" என்றாள் கேப்டன். நன்றாகவே புரிந்திருந்தது.

"சின்னதா போதும்மா. ஒரு பத்து நாள் நொண்டுற மாதிரி. பெருசா வேண்டாம். நாம என்ன கசாப்புக் கடையா வெச்சிருக்கோம்?"

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் கேப்டனின் பெயர் தட்டச்சாகி இருந்தது, தேதிதான் போடவில்லை. ஒன்று, இளையோர் பயிற்சிப் பொறுப்பாளராக நியமனம். மற்றது, பேக்கிங் பிரிவுக்கு மாற்றல். இந்த ஆட்டத்தோடு அவள் ஓய்வு பெறுகிறாள் என்பது ஊருக்கே தெரியும். அவள் முதுகுத்தண்டில் வட்டு நழுவியிருப்பது மேனேஜருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். பேக்கிங் பிரிவில் எட்டு மணி நேரம் கான்கிரீட் தரையில் நின்று, ஆளுயரப் பெட்டிகளைத் தள்ள வேண்டும்.

"பொறுமையா யோசிச்சு முடிவு பண்ணுங்க" என்றார் மேனேஜர்.

வீட்டில் அவள் தரையில் மல்லாந்து படுத்து, வெந்நீர்ப் பையை இடுப்புக்கு அடியில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். கணவர் அதே கம்பெனியில் கடைசல் பிரிவில் இருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமலே கேட்டார்.

"நீ எறியலைன்னா அவளுக்கு வேலை குடுத்துடுவாங்களா?"

"குடுக்கணும்ங்க. விதி இருக்கே."

"வேற எவளாவது ஸ்டிக்கால கணுக்கால்ல தட்டிட்டுப் போவா. உன் பதவி அவளுக்குப் போகும். அந்தப் பொண்ணுக்கு எப்படியும் அடி நிச்சயம். உனக்கு முதுகு நிச்சயம்." சட்டையின் கையை நீவி மடித்தார். "அவளாவது சின்ன வயசு. எலும்பு சீக்கிரம் கூடும்."

எவ்வளவு நியாயமாகப் பேசுகிற மனிதர்! கேப்டன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். என்ன ஆனாலும் சரி, அவள் மேல் எறிவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். ஆனால் முடிவை மேனேஜரிடம் போய்ச் சொல்லும் தைரியம் மட்டும் வரவில்லை. எறிகிற மாதிரி எறிவோம், கோலுக்கு வெளியே எறிவோம், "முயற்சி பண்ணேன் சார், படலை" என்று சொல்லிவிடுவோம் என்று திட்டம் போட்டாள். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுகிற விலாங்குத் திட்டம். அதில் தனக்கும் பழுதில்லை, பெண்ணுக்கும் பழுதில்லை என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கவும் தூங்கினாள்.

ஆட்டத்தன்று காலை பட்டியலில் ஏழரையின் பெயர் இருந்தது. உடை மாற்றும் அறையில் ஒட்டியிருந்த தாளை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். அழுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் பையில் கையை விட்டுப் பூட்டை எடுத்து, சாவியைப் போட்டு ஒரு தரம் திறந்து பூட்டினாள்.

"துருப்பிடிச்சிருக்கும்னு பயந்தேன்க்கா. நல்லாதான் இருக்கு."

"முதல்ல ஆட்டத்த முடிடி" என்றாள் கேப்டன்.

"அம்மா வந்திருக்கு. மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் முதல் தடவை. வேணாம், எனக்கு ராசியில்லைன்னு சொல்லிக்கிட்டே வந்து உக்காந்திருக்கு. அக்கா, இன்னைக்கு உங்களுக்கு ஒண்ணு காட்டுறேன்."

"என்னத்த?"

"காட்டும்போது பாருங்க" என்று சிரித்துக்கொண்டே முட்டிக் கவசத்தைக் கட்டினாள்.

தண்ணீர் பீய்ச்சி நனைத்திருந்த மைதானத்தில் இரண்டு அணியும் வார்ம்-அப் தொடங்கின. பட்டியலை நடுவரிடம் கொடுத்தாயிற்று. லீக்கிலிருந்து வந்தவர் நிழலில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் வேலியோரம், பேனருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"கார்னர் பாத்துக்கலாம், நாலு பந்து" என்று கேப்டன் கத்தினாள். "ஏய், முகக்கவசம் போடு. நல்லா இறுக்கிக் கட்டு." முகத்தில் படக் கூடாது என்ற பயம் அவளுக்கு. ஒரு தரம் தானே போய்ப் பட்டையை இழுத்துச் சரி பார்த்தாள். கைகளைப் பார்க்கவில்லை. ஏழரை இடது கைக்கு மட்டும் உறை போட்டிருந்தாள். ஸ்டிக்கில் கீழே பிடிக்கிற வலது கை வெறுங்கை. பாதிப் பெண்கள் அப்படித்தான் ஆடுகிறார்கள்.

முதல் பந்தை மெதுவாக, கோல்போஸ்டுக்கு நாலடி வெளியே எறிந்தாள். ஏழரை நேராக ஓடிவந்தாள், பந்து எங்கேயோ போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை எறிந்துவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தபோது மேனேஜர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். வெளியே போவது வெளியே போகிற மாதிரியே தெரிகிறது என்று அவளுக்குப் புரிந்தது. கடைசிப் பந்தையாவது நிஜம் மாதிரி எறிய வேண்டும். முழு பலத்தோடு, ஆனால் போஸ்டுக்கு ஒரு கை வெளியே. ஓடிவருகிறவளுக்கும் பந்துக்கும் இடையில் இரண்டு ஆள் படுக்கலாம், அவ்வளவு இடம் இருந்தது.

பந்து உருண்டு வந்தது. ஒருத்தி நிறுத்தினாள். கேப்டன் குனிந்து இழுத்தாள். முதுகு சுளீர் என்றது, பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தாள்.

பதினைந்து வருஷத்தில் அதைவிடச் சுத்தமாக ஒரு பந்து அவள் ஸ்டிக்கை விட்டுப் போனதில்லை. அது போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது. ஆனால் ஏழரை அங்கே நின்றாள். பந்து கிளம்புவதற்கு முன்பே அவள் நேர்க்கோட்டை விட்டு இரண்டு எட்டு குறுக்கே வைத்து, ஸ்டிக்கைத் தாழ்த்திக் காத்திருந்தாள். பந்து ஸ்டிக்கில் பட்டு ஏறி, பிடித்திருந்த வலது கையில் மோதியது. காய்ந்த சுள்ளியை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம்.

ஏழரை கத்தவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தாள். மூன்று விரல் அதனதன் இஷ்டத்துக்குத் திரும்பியிருந்தன. பிறகுதான் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஆட்டம் தொடங்கிடுச்சா?" என்று கேட்டாள். "விசில் ஊதிட்டாங்களா?"

ஊதவில்லை. இன்னும் பதினோரு நிமிஷம் இருந்தது.

கேப்டன் ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். "கையில துணி சுத்துங்க. ஆட்டம் தொடங்கினதும் வெளிய கூட்டிட்டுப் போயிடலாம். ஒரு நிமிஷம் நின்னா போதும், ஒரே நிமிஷம்" என்று சுற்றி இருந்தவர்களிடம் கெஞ்சினாள். அந்த நேரத்தில் அவள் நிஜமாகவே கெஞ்சினாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மேனேஜர் அதற்குள் வந்துவிட்டார். "என்ன கேப்டன், மனுஷத்தன்மை வேணாமா? சின்னப் பொண்ணு துடிக்கிறா!" என்று எல்லாரும் கேட்கச் சத்தம் போட்டார். லீக்கிலிருந்து வந்தவர் எழுந்து வந்து பார்த்து, "பாவம்" என்று சொல்லி, மாற்றுப் பெயரில் கையெழுத்துப் போட்டார். ஆம்புலன்ஸ் கதவை மூடும்போது ஏழரையின் அம்மா, "நான்தான் வரமாட்டேன்னு சொன்னேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கிக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினார்கள். "இதுவும் நல்லதுக்குத்தான். சின்னப் பொண்ணுங்க அழுத்தம் இல்லாம வளரலாம்" என்றார் மேனேஜர் பத்திரிகைக்காரர்களிடம். அடிபட்ட பெண்ணுக்காகக் கம்பெனி எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும் என்றும் சொன்னார். மறுநாள் பேப்பரில் அது மட்டும் வந்தது.

திங்கட்கிழமை கேப்டனுக்கு நியமனத் தாள் வந்தது, தேதி போட்டு.

அவள் நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். "சார், நான் அவ மேல எறியலை. வெளியதான் எறிஞ்சேன். அவளா குறுக்க வந்துட்டா."

மேனேஜர் அவளைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு பரிவு. "வெளிய இதே மாதிரியே சொல்லுங்க. கண்ணுல தண்ணிகூட வருது, நல்லா இருக்கு. சின்னதாப் போதும்னு சொன்னேன், நீங்க கொஞ்சம் கைய வீசிட்டீங்க. பரவாயில்லை."

பனைமரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தால் பால் என்று யார் நம்புவார்கள்? வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். "சரி சரி, எங்கிட்ட எதுக்கு மறைக்கிறே" என்று அவர் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். செய்யாத பாவத்துக்குக் கூலி வந்துவிட்டது. திருப்பிக் கொடுத்தால் பேக்கிங் பிரிவு. இரண்டு நாள் அந்தத் தாளை எடுத்து எடுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் பயிற்சிப் பொறுப்பாளர் அறையின் சாவியை வாங்கிக்கொண்டாள். மின்விசிறி உள்ள அறை. முதுகுக்கு இதமான, சாய்வு உள்ள நாற்காலி.

அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே மேனேஜர் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். "உங்க முதல் வேலை. டாக்டர் பேசினாரு. அந்தக் கைல இனிமே ஸ்டிக் பிடிக்க முடியாதாம். அவ பட்டியல்ல இருக்கிற வரைக்கும் வைத்தியம் நம்ம பொறுப்பு. அவளே விரும்பி விலகிட்டா நமக்கும் நிம்மதி, அவளுக்கும் நிம்மதி. நீங்க சொன்னா கேப்பா."

ஆஸ்பத்திரி வார்டில் ஆறாவது கட்டில். ஏழரையின் வலது கை கம்பிகளோடு, கட்டோடு, தலையணை மேல் இருந்தது. கட்டிலை ஒட்டிய சின்ன அலமாரியில் அந்தப் புதுப் பூட்டு தொங்கியது. "இங்க சாமான் திருடு போகுதாம்மா, அதான்" என்றாள் அம்மா. நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். "நீங்க மட்டும் இல்லைன்னா இவளுக்கு யாரு இருக்கா? கம்பெனில இருந்து வேற ஒருத்தரும் எட்டிக்கூடப் பாக்கலை."

ஏழரைக்கு முகம் மலர்ந்துவிட்டது. காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. "அக்கா, நீங்க பாத்தீங்கதானே? அன்னைக்குக் காட்டுறேன்னு சொன்னேனே, அதான் அது."

"எது?"

"உங்க இடது கால் ஷூவோட முனை. எறியறதுக்கு முன்னாடி அது எந்தப் பக்கம் திரும்புதோ, அந்தப் பக்கம்தான் பந்து வரும். உங்களுக்கே தெரியாது. ரெண்டு வருஷமா பாத்துப் பாத்து வெச்சிருந்தேன்க்கா. முதல் மூணு பந்துலயும் சரி பாத்துக்கிட்டேன், நாலாவதுல போய் நின்னேன். சரியாப் படிச்சேன்ல?"

கேப்டன் இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். "சரியாத்தான் படிச்சே" என்றாள்.

"ஆனா ஒண்ணுதான் புரியலை. அது போஸ்டுக்கு வெளிய போற பந்துக்கா. அதுக்கு முன்னாடி மூணும் வெளியதான் போச்சு. நீங்க வெளிய எறியவே மாட்டீங்களே. அதான் நானும் கோலுக்குத்தான் வருதுன்னு நம்பிட்டேன். ஏன்க்கா அன்னைக்கு அப்படி எறிஞ்சீங்க?"

கேட்டதில் குத்தல் ஒன்றும் இல்லை. ஆட்டத்தைக் கற்றுக்கொள்கிறவள் கேட்கிற கேள்வி. உண்மையைச் சொல்ல அவளுக்கு அதைவிட நல்ல நேரம் இனி வரப்போவதில்லை. உன் மேல் எறியச் சொன்னார்கள், உன்னைக் காப்பாற்றத்தான் வெளியே எறிந்தேன் என்று ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்தைத் தொடங்கினால் நாற்காலி, தாள், மேனேஜர் என்று எல்லாம் வரிசையாக வெளியே வரும். பையிலிருக்கிற இந்தத் தாளும் வரும்.

"புல்லு ஈரமா இருந்துச்சு. வழுக்கிடுச்சு" என்றாள் கேப்டன்.

"அதுக்கு ஏன்க்கா அழறீங்க? விடுங்க. அடுத்த வருஷம் ஒண்ணுல இருந்து தொடங்குறேன், நமக்கென்ன புதுசா? நீங்கதான் இனிமே பொறுப்பாளராமே! பத்திரிகையில பாத்தேன். இனிமே எனக்குப் பயமே இல்லை."

கேப்டன் பையைத் திறந்து தாளை எடுத்தாள். "இதுல ஒரு கையெழுத்துப் போடணும். சிகிச்சை லீவுக்கு. அப்பதான் கம்பெனி காத்திருக்கும்."

"என்னன்னு படிச்சுப் பாத்துட்டுப் போடுடி" என்றாள் அம்மா.

"அக்கா கொண்டு வந்ததும்மா" என்று அம்மாவை அதட்டினாள் ஏழரை. இடது கையால் பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். தாள் நகர்ந்துகொண்டே இருந்தது. கேப்டன் தன் இரண்டு கையாலும் அதை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு நாள்க்கா ஆகும்?"

"பொறுமையா இரு" என்றாள்.

மேனேஜர் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னங்க இது, குழந்தை கிறுக்கின மாதிரி இருக்கு? அவ கையெழுத்துதானா?"

"இடது கையால போட்டா சார்."

"ஏன், வலது கைக்கு என்ன?" என்று கேட்டவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆமாமா. சரி, நாளைக்கு யாராவது கேட்டா, அவளே மனசு வந்து போட்டான்னு சொல்ல ஆள் வேணும். சாட்சியா நீங்க ஒண்ணு போட்டுடுங்க."

வேலிக்கு ஓணான் சாட்சி. பெண்ணின் மேல் எறியாத பந்துக்கு மேனேஜரும் கணவரும் அவளைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள். இந்தத் தாளுக்கு அவளை யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கேப்டன் நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்து, முதுகு நோகாதபடி நிமிர்ந்து உட்கார்ந்து, கோணல் எழுத்துகளுக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். அவள் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும்.